வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் கேர்: சென்னையில் எது தேறுகிறது, எங்கே சறுக்குகிறது

"ஒரே ஒரு ஊசி போட்டு முடிச்சு விட்டுடுங்க டாக்டர்." புற்றுநோய் முற்றியவர்களைப் பார்க்கும் எந்தச் செவிலியரும் இதைக் கேட்டிருப்பார். நோயாளி சொல்வார். சில வீடுகளில் மகன் மாடிப்படி வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார். வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் சேவையை, அதாவது குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சையை, எடைபோட எத்தனையோ அளவுகோல் வைக்கலாம். இந்த மதிப்புரையில் முதல் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் வந்திருப்பவர் என்ன செய்கிறார்?

நல்ல சேவையில் வந்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். ராத்திரி தூங்கினீங்களா? மோஷன் போய் எத்தனை நாளாச்சு? எங்கே வலிக்குது, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? வீட்டுல பணம் காசு பத்தி ஏதாவது பேச்சு வந்துச்சா? இப்படி ஒவ்வொன்றாகப் போகும். மோசமான சேவையில், "அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்கய்யா" என்று தோளைத் தட்டிவிட்டு, பி.பி. பார்த்து நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சாவைக் கேட்பவர் என்ன கேட்கிறார் என்பது முதல் வகைக் கேள்விகளில்தான் வெளிவரும். தூங்காத நான்கு இரவுகள், ஆறு நாளாகப் போகாத வயிறு, புண்ணின் நாற்றத்தால் பேரன் கிட்டே வராதது, மருமகள் அடகு வைத்த நகை. இவை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று செய்ய முடியும். செய்யாமல் விட்டுவிட்டு, "அவரே கேட்டார்" என்று உயிரை எடுப்பது அநியாயம். கருணைக்கொலையைத் தவறு என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சென்னையில் இந்தச் சேவை மூன்று வழிகளில் கிடைக்கிறது. அரசு வழி, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையும் (பாலியேட்டிவ் கேர்தான்) இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு, செலவில்லை. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டால் எந்த நிலையம் என்று வழி சொல்வார்கள். இரண்டாவது, தொண்டு நிறுவனங்கள். தி.நகரில் ஆர்.எம்.டி. அறக்கட்டளை இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாதவர்களுக்கு மணலி பக்கம் மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது, புற்றுநோய் முற்றியவர்களைக் கட்டணம் இல்லாமல் தங்கவைத்துப் பார்க்கும் இடம். மூன்றாவது, கட்டணச் சேவைகள். தனியார் மருத்துவமனைகளின் ஹோம் கேர் பிரிவு, பிறகு அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சிகள். இந்தக் கடைசி வகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மார்ஃபின். வீட்டுப் பாலியேட்டிவ் சேவையின் தரம் பாதி இதிலேயே தெரிந்துவிடும். கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரைதான் உலகம் முழுக்க அடிப்படை மருந்து, விலையும் குறைவு. அதன் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு 10 மணி வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு 10 மி.கி. என்றால் நாள் கணக்கு 60 மி.கி. இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் வேளை நாள் கணக்கில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 10 மி.கி. நல்ல செவிலியர் இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கூடுதல் வேளை கொடுத்த நேரத்தைக் குறிக்க ஒரு கட்டமும் போட்டு, கட்டிலுக்கு எதிரே ஒட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை வரும்போது அந்தக் கட்டத்தை எண்ணிப் பார்த்துத்தான் மருத்துவர் அளவை ஏற்றுவார். "வலி வந்தா கொடுங்க" என்று மட்டும் சொல்லி ஒரு ஸ்ட்ரிப்பை நீட்டும் சேவை தேறாது. வலி ஏறிய பிறகு கொடுத்தால் அதை இறக்க அதிக மருந்து வேண்டும், நோயாளியும் அடுத்த வலிக்குப் பயந்துகொண்டே கிடப்பார்.

மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இது விதி. பிசகோடில் போன்ற மாத்திரை சீட்டில் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மற்ற பக்க விளைவுகள் பெரும்பாலும் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரும், அதற்கும் மருந்து உண்டு. கவனிக்க வேண்டிய இன்னொன்று சிறுநீரகம். அது பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும். கை கால் வெடுக் வெடுக்கென்று துள்ளும், ஆள் குழம்பிப் பேசுவார். அப்போது அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கேட்காமல் மார்ஃபின் எழுதும் சேவையை நம்பாதீர்கள்.

விழுங்க முடியாதவர்களுக்கு, தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச் கொடுப்பார்கள். 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒட்டியவுடன் வேலை செய்யாது, 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பழைய மருந்தை நிறுத்தக் கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். சென்னை மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே, அல்லது நல்ல காய்ச்சலில், பேட்ச் போட்டவர் எழுப்ப முடியாமல் தூங்கினால் உடனே போன் செய்ய வேண்டும். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. கழற்றிய பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துச் சேவைக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறது? சனிக்கிழமை மாலையில். மார்ஃபின் சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளே இதை வைத்திருக்கப் பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைக்கலாம் என்று எளிதாக்கினார்கள். ஆனாலும் அந்த அங்கீகாரம் உள்ள இடம் திறந்திருக்கும் நேரத்தில் போனால்தான் மருந்து. ஞாயிறு ஓ.பி. இல்லை, ஸ்ட்ரிப் காலி என்றால் திங்கள் காலை வரை ஒருவர் துடிப்பார். "முடிச்சு விட்டுடுங்க" என்ற பேச்சு அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம் எழும். வியாழக்கிழமையே மாத்திரையை எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் சேவை, நோயாளி வராமல் வீட்டார் யாராவது சீட்டோடு வந்தாலும் மருந்து கொடுக்கும் சேவை, இரண்டும் இருந்தால் அதுவே பெரிய நிம்மதி.

"மார்ஃபின் கொடுப்பதே மெதுவாகக் கொல்வதுதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். வலிக்கேற்ப அளவைப் படிப்படியாக ஏற்றிக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. தூக்கமும் சாப்பாடும் திரும்பி, கொஞ்சம் எழுந்து உட்காருகிறவர்கள் நிறைய. எந்த மருந்துக்கும் அடங்காத வேதனை வந்தால் கடைசி வழி ஒன்று உண்டு. மிடாசோலம் போன்ற மருந்தை, வேதனை அடங்கும் அளவுக்கு மட்டும் கொடுத்து ஆளை மயக்க நிலையில் வைப்பார்கள். அங்கே மருத்துவர் குறிவைப்பது வேதனையை. அளவு அதற்குத் தக்கபடி ஏறும், இறங்கும், தேவைப்பட்டால் நிறுத்தவும் முடியும். கருணைக்கொலை ஊசியில் குறி உயிர்தான். ஆள் சாகவில்லை என்றால் அந்த ஊசி தோற்றுப்போனதாக அர்த்தம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே சிரிஞ்சு மாதிரித் தெரியலாம். ஆனால் ஒன்றில் மருத்துவர் நோயாளியின் பக்கம் நிற்கிறார், மற்றதில் நோயாளி இல்லாமல் போவதையே தீர்வாக எடுத்துக்கொள்கிறார். இரண்டாவதைச் செய்யும் கையை, காசில்லாத ஒரு முதியவர் எப்படி நம்பிக் கையை நீட்டுவார்?

அடுத்து படுக்கைப் புண். சேவையின் பிற பாதி தரம் இங்கே தெரியும். ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் வாங்கி விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். நோயாளியின் இடுப்பு எலும்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. ஒரு அங்குலமாவது காற்றுத் தடிப்பு இருக்க வேண்டும். மின்வெட்டில் பம்ப் நின்றால் மெத்தை மெல்ல அமுங்கும். இன்வெர்ட்டரில் இணைக்காத வீடுகளில் பல புண்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. அடிக்கடி மின்சாரம் போகும் தெரு என்றால் தண்ணீர் மெத்தை பரவாயில்லை. எந்த மெத்தையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குச் சாய்க்க வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு மடித்த துணி. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, பவுடரும் வேண்டாம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015இல் இறக்கும் வரை அந்த மருத்துவமனைச் செவிலியர்கள் தலைமுறை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கருணைக்கொலை கேட்டு வெளியாள் ஒருவர் போட்ட மனுவை அவர்கள் எதிர்த்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. தினமும் புரட்டியவர்களின் பேச்சு அங்கே எடுபட்டது என்பதை மறக்கக் கூடாது.

வாய்ப் புற்று, மார்பகப் புற்று போன்றவற்றில் புண் வெளியே வெடித்து நாறும். நோயாளியைக் கூனிக் குறுக வைப்பது வலியைவிட இந்த நாற்றம்தான். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து, உப்புநீரில் கழுவிய புண் மேல் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் நன்றாகக் குறையும். சில ரூபாய் மாத்திரை. இதைத் தெரியாத சேவை ஊதுபத்தி ஏற்றச் சொல்கிறது. ஒட்டிய துணியை உலர்ந்தபடியே பிய்க்கும் செவிலியரையும் பார்க்கலாம். உப்புநீரில் ஊறவைத்து எடுத்தால் ரத்தமும் வராது, நோயாளி கத்தவும் மாட்டார். கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வேளை வலி மாத்திரை கொடுத்துவிட வேண்டும்.

இப்போது பாரம் பற்றிய பேச்சு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மருத்துவர் எழுதித் தரும் மருந்தால் உயிரை முடித்துக்கொள்ளும் சட்டம் 1997 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் வரும் அரசு அறிக்கைகளில், மக்கள் சொல்லும் காரணங்களில் வலி முன்னால் நிற்பதில்லை. தன்னிச்சையாக இயங்க முடியாதது, வாழ்க்கையில் ருசி போனது, மானம் போவது ஆகியவைதான் முன்னால் வருகின்றன. குடும்பத்துக்குப் பாரம் என்பதும் கணிசமானவர்கள் சொல்வது. அங்கேயே அப்படி என்றால், ஒண்டுக் குடித்தனத்தில், ஒரே ஒரு கழிப்பறை உள்ள வியாசர்பாடி வீட்டில், மகளின் கல்யாணக் கடனோடு படுத்திருப்பவர் சொல்லும் "போதும்" எவ்வளவு சுதந்திரமான முடிவு? தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்துவந்தது நமக்கெல்லாம் தெரியும். வயதானவரை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து அனுப்பிவைக்கும் அந்த வழக்கத்தையும் கருணை என்றுதான் சொன்னார்கள், "அவங்களே சரின்னுட்டாங்க" என்றும் சொன்னார்கள். சட்டத்தின் முத்திரை விழுந்தால் அந்தச் சம்மதம் இன்னும் சுலபமாகக் கிடைக்கும்.

வேலி ஒன்று போட்டு, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதித்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. கனடா 2016இல் அப்படித்தான் தொடங்கியது. 2021இல், சாவு பக்கத்தில் இல்லாதவர்களும் கேட்கலாம் என்று சட்டத்தை விரித்தார்கள். ஒருவரின் வேதனையை ஏற்று அனுமதித்துவிட்டு, அதே வேதனையோடு இன்னும் பத்து வருஷம் வாழப்போகிறவருக்கு இல்லை என்று சொல்ல அந்த வாதத்தில் இடமே கிடையாது. எனவே வேலி நகர்வது தற்செயல் இல்லை. தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் போன்றவற்றில், வலி அதிகம் இல்லாமலும் வாழ்வு தாங்க முடியாமல் போகும். அவர்களுக்கு மாத்திரையால் மட்டும் பதில் சொல்ல முடியாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின், முகத்துக்கு நேரே ஒரு சின்ன மேசை ஃபேன், கண்ணால் எழுத்தைக் காட்டிப் பேச ஓர் அட்டை, மனச்சோர்வுக்கு வைத்தியம் என்று செய்ய வேண்டியவை நிறைய. சாவு ஆசை கூடும், குறையும். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரின் வேண்டுகோளை இறுதி முடிவாக எடுக்கக் கூடாது. நோயாளியோ பார்த்துக்கொள்பவரோ ராத்திரியில் உடைந்துபோனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உயிரைக் காப்பது என்றால் கடைசி மூச்சு வரை குழாய்களில் தொங்கவிடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பலனில்லாத வென்டிலேட்டரை வேண்டாம் என்பது கொலை ஆகாது. நோய்தான் அங்கே உயிரை எடுக்கிறது. 2018 மார்ச் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி கொடுத்தது, உயிலாக முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அதன் நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஸட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல பாலியேட்டிவ் சேவை இந்தப் பேச்சை நோயாளி தெளிவாக இருக்கும்போதே எடுக்கும். கடைசி நாட்களில் சாப்பாட்டைத் திணிக்க வேண்டாம் என்பதையும் வீட்டாருக்குப் பொறுமையாகச் சொல்லும். பசி அடங்கிப்போவது சாவின் பகுதி. உதட்டை நனைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈரத் துணியால் வாயைத் துடைத்தால் தாகம் அடங்கும்.

ஏஜென்சி அட்டெண்டர்கள் பற்றி. 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று ஷிஃப்ட் கணக்கு. "டிரெயின்ட் நர்ஸ்" என்று அனுப்பப்படுபவர்களில் பலர் செவிலியர் படிப்பு முடித்தவர்கள் இல்லை, அன்போடு வேலை செய்பவர்கள் உண்டு, ஆனால் ஊசி போடவோ குழாய் மாற்றவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. வந்த அன்று மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர்த்தினாரா, குழாயில் போட்ட அடையாளக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாரா, 200 மி.லி. அளவில் மெதுவாக விட்டாரா, முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினாரா, அரை மணி நேரமாவது படுக்கவைக்காமல் இருந்தாரா? இதில் ஒன்று தப்பினாலும் கஞ்சி நுரையீரலுக்குப் போகலாம். சிறுநீர்ப் பை கட்டிலுக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) ரப்பர் என்றால் சில வாரங்களிலேயே மாற்ற வேண்டும், சிலிகான் என்றால் மூன்று மாதம் வரை தாங்கும். எது போட்டிருக்கிறது என்றே நோட்டில் எழுதாத ஏஜென்சிகள் உண்டு. பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனைப் படுக்கைக்குப் பணம் தரும், இந்த அட்டெண்டர் செலவுக்குத் தராது. மாதக் கணக்கில் போகும் இந்தச் செலவுதான் நடுத்தரக் குடும்பத்தை உடைக்கிறது. அதனால் ஏஜென்சியை மட்டும் நம்பாமல், அரசுத் திட்டத்திலும் பதிந்துகொண்டு, அங்கிருந்து வரும் செவிலியரிடமே அட்டெண்டரின் வேலையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எந்தச் சேவையில் சேருவதற்கு முன்னாலும் அவர்கள் கொடுக்கும் இரவு எண்ணுக்கு இரவு 10 மணிக்கு ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார், மருத்துவரோடு இணைக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். இரவு எண் இல்லாத சேவை பகல் சேவைதான். கடைசி இரவில் தொண்டையில் சளி கரகரக்கும் சத்தத்துக்கு வீட்டார் பயந்துபோய் 108ஐ அழைக்கிறார்கள், எமர்ஜென்சியில் குழாய் நுழைகிறது, விடிவதற்குள் ஐ.சி.யு. அந்தச் சத்தத்துக்குச் செய்ய வேண்டியது, ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துவது, வாயில் தேங்கியதைத் துணியால் எடுப்பது, முன்பே எழுதி வைத்த ஊசியைத் தோலுக்கு அடியில் போடுவது. போனில் ஒருவர் நிதானமாகச் சொன்னால் வீட்டாரே சமாளிப்பார்கள்.

இறந்த பிறகு சான்று யார் தருவார் என்பதையும் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். வீட்டில் நேரும் மரணத்துக்கு, நோயைப் பார்த்துவந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். மயானத்தில் அதைக் கேட்பார்கள், மாநகராட்சியில் 21 நாளுக்குள் பதியவும் அது வேண்டும். சில சேவைகள் மாதக்கணக்கில் வந்து பார்த்துவிட்டு இந்தக் கையெழுத்துக்கு மட்டும் பின்வாங்கும். அந்தப் பயத்தால்தான் பல குடும்பங்கள் கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸ் ஏற்றுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு இறந்தாலும் காலையில் வந்து எழுதித் தருவோம் என்று வாய்விட்டுச் சொல்லும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமுள்ள மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாங்கிய இடத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.